இன்ஸ்பெக்சனுக்கு இரவல் போன பிள்ளை

அறுபதுகளின் நடுவில் செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தொடக்கப் பள்ளிகள் அத்தனைக்கும் சேர்த்து உலகம் ஒன்றுதான் இருந்தது. தகரத்தில் செய்த உருண்டை. ஆப்பிரிக்கா இருக்க வேண்டிய இடத்தில் பெரிய சொட்டை. இன்ஸ்பெக்டர் மறுநாள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாரோ, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் சாயங்காலமே அதைக் கோணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி அனுப்பிவிடுவார்கள். அவர் வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, துணைக்கருவிகள் நன்கு பராமரிக்கப்படுகின்றன என்று பதிவேட்டில் எழுதுவார். அடுத்த நாள் அடுத்த ஊரில் அதே சொட்டையில் அதே விரலை வைத்துச் சுற்றிவிட்டு அதையே எழுதுவார்.

உலகத்தையே இரவல் கொடுப்பவர்களுக்குப் பிள்ளைகளைக் கொடுப்பது பெரிய விஷயமா? பதிவேட்டில் இருக்கிற பெயர்களுக்கு ஏற்ற தலைகள் பெஞ்சில் இருந்தால்தான் பள்ளிக்கூடத்துக்கு மானியம் வரும். பெயர்கள் எப்போதும் பதிவேட்டில் பத்திரமாக இருந்தன. தலைகள்தான் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் மாடு மேய்க்கவும் போய்விடும். அதனால் இன்ஸ்பெக்சன் நாளில் ஒரு பள்ளிக்கூடம் இன்னொன்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும். நாலு பேர் போனால், அவர்கள் முறை வரும்போது நாலு பேர் திரும்பி வர வேண்டும். கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் கொடுத்து வாங்குவதைவிட இது ஒழுங்காக நடந்தது. பாத்திரத்திலாவது பெயர் வெட்டியிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது மேலே யாருக்கோ ஒரு யோசனை வந்துவிட்டது. பிள்ளைகளின் தரம் ஊருக்கு ஊர் மாறுகிறதாம். ஆகவே சரகத்தில் இருக்கிற எல்லாப் பள்ளியிலும் ஐந்தாம் வகுப்புக்கு ஒரே சோதனை. பத்துக் கேள்விகள், அரக்கு முத்திரை வைத்த உறைக்குள். அதை இன்ஸ்பெக்டரே கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் முத்திரையை உடைத்து, கேள்விகளை வாசிப்பார். எழுதாதவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் ஆறாம் வகுப்பு கிடையாது. சரகத்திலேயே நன்றாக எழுதும் ஒரு பெண்ணுக்குக் கடலூரில் விடுதியோடு இடம். சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

ஒரே கேள்வித்தாள் என்றார்களே தவிர, ஒரே நாளில் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் ஒருவர், நாளுக்கு ஒரு பள்ளிக்கூடம். முதல் பள்ளிக்கூடத்தில் உடைத்த ரகசியம் சாயங்காலப் பஸ்ஸில் கண்டக்டர் கையில் துண்டுச் சீட்டாக அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு ஊரிலும் புதிதாக அரக்கு உருக்கி முத்திரை வைத்துக்கொண்டுதான் அவர் போனார். அந்த அரக்கின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்று. சுற்றின் முதல் பள்ளிக்கூடத்துக்குச் சீட்டு வராது. அந்த முதல் பள்ளிக்கூடம் கடைத்தெருவுக்குப் பின்னால் தனியார் ஒருவர் நடத்திய மேனேஜர் பள்ளிக்கூடம். அதன் தலைமை ஆசிரியர் எங்கள் தலைமை ஆசிரியரின் அக்காவைக் கட்டியவர். அது மட்டுமா, இன்ஸ்பெக்சன் தேதி மாசி அமாவாசையில் விழுந்துவிட்டது. கல்வித் துறையின் காலண்டரில் அமாவாசை இல்லை. எங்கள் ஊருக்கு அமாவாசையைத் தவிர வேறு காலண்டர் இல்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டால் கும்பிடப் போகிறவர்களும் விற்கப் போகிறவர்களுமாகப் பாதி ஊர் காலியாகிவிடும். அன்றைக்கு வீட்டில் மிச்சம் இருப்பது எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஜைன நயினார் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அரிசி மில்லில் வேலை. வேகவைத்த நெல்லைக் களத்தில் கொட்டி, வெயில் சாயும்வரை காலால் கிளறிக் காயவைப்பார். கடலூர் விஷயத்தைச் சொன்னபோது அவர் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார்.

"எடம் கெடச்சா போ பாப்பா. கெடைக்கலன்னா எங்கூட களத்துக்கு வந்துடு. எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

ஆக, ஒரு பக்கம் கடலூர், இன்னொரு பக்கம் நெற்களம். நான் வகுப்பில் முதல் மாணவி. மனக்கணக்கில் வாத்தியாரையே திருத்துவேன், அடி வாங்குவேன். எனக்குக் கடலூர் கிடைக்கும் என்பதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் இருக்கவில்லை.

அமாவாசையன்று காலையில் தலைமை ஆசிரியர் என்னையும் இன்னும் சிலரையும் தனியாகக் கூப்பிட்டார். மற்றவர்களைப் பெஞ்சை நிரப்பத்தான் அனுப்பினார். என்னை அனுப்பியதற்குக் காரணம் வேறு.

"எங்க மாமா பள்ளிக்கூடத்துல ஒண்ணுகூட தேறாது. ஒருத்தியாவது ஒழுங்கா எழுதணும். இன்னிக்கு ஒரு நாளு அங்க போய் குந்து. பேரு கேட்டா இந்தப் பேர சொல்லு" என்று ஒரு பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்க்காரி, அவளுடைய அப்பாவோடு எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்க மேல்மலையனூருக்குப் போயிருந்தாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு அவுரு வர்றப்ப நான் எழுதலாம் இல்ல சார்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னும் பத்து நாளு இருக்குது. அந்த உருண்டையவே கண்டுபுடிக்காதவரு உன்னையா கண்டுபுடிக்கப் போறாரு?"

அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நைனாவும், "வாத்தியாரு சொன்னத தட்டாத" என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அங்கே போனதும் அந்தத் தலைமை ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார். டப்பாவிலிருந்து திருநீறு எடுத்து நெற்றியில் அழுத்திப் பூசினார். நடுவில் குங்குமம் வைத்தார். ஞானஸ்நானம் பெற்றுப் பத்து வருடமான ஒரு பெண்ணை அரை நிமிடத்தில் அங்காளம்மன் பக்தையாக்கிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் தெற்குச் சீமைக்காரர், திருத்தமாகப் பேசுவார். உருண்டையைச் சுற்றினார், சொட்டையைத் தடவினார், எழுதினார். பிறகு அரக்கை உடைத்தார். கேள்விகளில் ஒன்று, கோட்டை என்றால் என்ன என்பது. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை. அதில் விறகு பொறுக்காத, ஆடு தேடி ஏறாத, குரங்கிடம் சோற்றைப் பறிகொடுக்காத பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளதை எழுதினார்கள். ஒருவன் விறகு கிடைக்கும் இடம் என்றான். ஒருத்தி குரங்கு இருக்கும் இடம் என்றாள். எல்லாம் தவறு. அரசர் பகைவரிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள அமைத்த அரண் என்று நான் பாடப் புத்தகத்தில் இருந்தபடி எழுதினேன். கோட்டையைப் பார்க்காதவர்கள் எழுதிய விடை அது, ஆகவே அதுதான் சரி.

என் தாளை எடுத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர் என்னை எழுப்பிவிட்டார். பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார். ஆறுகள் கேட்டார். ரயில் ஓடும் கணக்கு ஒன்று சொன்னார். எங்கள் ஊரில் ரயிலே கிடையாது. இருந்தாலும் அது எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்லிவிட்டேன்.

"இன்றைக்கு அமாவாசையாயிற்றே. நீ கோயிலுக்குப் போகவில்லையா?" என்று கேட்டார்.

"படிப்புதான் முக்கியம் சார்" என்றேன்.

அவர் நெகிழ்ந்துபோனார். "இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு குழந்தையைப் பார்த்ததில்லை. பெயர் என்ன?" என்றார். சொல்லிக்கொடுத்த பெயரைச் சொன்னேன். கடலூருக்கு முதல் பெயராக அதைத் தன் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாராட்டு ஒரு பெயருக்கும் சந்தோஷம் இன்னொரு பெயருக்கும் போகிறது என்பது அந்த வயதில் உறைக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் நைனாவிடம், இன்ஸ்பெக்டர் என்னைத்தான் முதல் என்று சொன்னார் என்றேன். அவர் மில் முழுக்கச் சொன்னார்.

உறைத்தது எங்கள் தலைமை ஆசிரியருக்குத்தான். மறுநாள் என்னை மறுபடி கூப்பிட்டார்.

"அவுரு உம் மூஞ்சிய நல்லா பாத்துட்டாரு. நம்ம இன்ஸ்பெக்சன் அன்னிக்கு நீ வராத" என்றார்.

"எழுதலன்னா பாஸ் கெடையாதே சார்."

"நான் பாத்துக்கறேன். ரெண்டு பள்ளிக்கூடத்து மானம் உன் கையில இருக்குது."

பத்து வயதுக் கையில் இரண்டு பள்ளிக்கூடத்து மானத்தைக் கொடுத்துவிட்டு அவர் காப்பி குடிக்கப் போய்விட்டார். நான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு சிலேட்டு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. கேள்விகளும் விடைகளும் எழுதிய சீட்டு எப்போதோ வந்துவிட்டது. கேள்வியைப் படிக்க வைப்பது வீண் வேலை என்று முடிவு செய்து, விடைகளை மட்டும் ஒன்று முதல் பத்து வரை வரிசையாக உருப்போட வைத்தார்கள். காலையில் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு தடவை, மதிய உணவுக்கு முன்னால் ஒரு தடவை. வகுப்பே ஒரே குரலில், தில்லி, நூற்று நாற்பத்து நான்கு, கங்கை, அரண், பிராணவாயு என்று பாடியது. தெருவில் போகிறவர்கள் புது மாதிரி ஜெபமோ என்று நின்று கேட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பத்து நாளாக எல்லா ஊரிலும் தரம் திடீரென்று உயர்ந்துகொண்டே போனதில் அவருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். முத்திரையை உடைத்தார், கேள்விகளைக் கடைசியிலிருந்து முதலாவது வரை தலைகீழாக வாசித்தார். எங்கள் வகுப்பு அசரவில்லை. வரிசை தவறாமல் எழுதியது. உழவர் கையாளும் கருவி ஒன்றைக் கூறு. தில்லி. இந்தியாவின் தலைநகரம் எது? பத்தாவது கேள்வியின் விடை கதிர் அரிவாளோ கலப்பையோ, ஏதோ ஒரு விவசாயக் கருவி. நாட்டின் தலைநகரம் அதுதான் என்று வகுப்பு முழுக்க ஒருமனதாக எழுதியிருந்தது.

இது பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் நான் வாசலுக்கு வெளியே இருந்தேன். வரக்கூடாது என்று சொல்லியிருந்தும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, என் பெயரை எழுதி, பத்துக்கும் பதில் எழுதிவிட்டால் போதும், முகத்தைக் குனிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாசற்படியில் கால் வைத்தேன். இன்ஸ்பெக்டர் கத்திக்கொண்டிருந்தார். தாள்களைக் கையில் வைத்து உதறிக்கொண்டிருந்தார். திரும்பினார், என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மாறி மலர்ந்தது.

"அட, நீயா. உள்ளே வா. நீ அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் அல்லவா? இங்கே எப்படி?"

"உறவுக்காரங்க வூட்டுக்கு வந்துதுங்க ஐயா" என்றார் எங்கள் தலைமை ஆசிரியர்.

"இன்றைக்கு நெற்றியில் ஒன்றும் இல்லையே?"

"குளிச்ச அவசரத்துல மறந்துடுச்சுங்க" என்றார் மறுபடியும். அவர் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். எனக்கு சிலேட்டு வாங்கிக் கொடுத்த கை.

"உன் பெயரை இவர்களுக்குச் சொல்லம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

என் பெயர் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் கடலூர் எனக்கு. இரண்டு வாத்தியார்களுக்கும் வேலை போயிருக்கும். இல்லை, அவ்வளவு பெரிய கணக்கெல்லாம் நான் போடவில்லை. வாத்தியார் சொன்னதைத் தட்டாதே என்பது மட்டும்தான் காதில் கேட்டது. அந்த இன்னொரு பெயரைச் சொன்னேன். இரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் முன்னால், என் சொந்த வகுப்பில் நின்று, வேறொருத்தியின் பெயரைச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். தலைகீழாகவும் கேட்டார், நடுவிலிருந்தும் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். "பார்த்தீர்களா? இதே ஊர், இதே தண்ணீர். அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், இங்கே தூங்குகிறார்கள்" என்று எங்கள் வகுப்பைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரம் குறைந்தவர்கள் என்று அன்றைக்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும். நான் வெளியே அனுப்பப்பட்ட பிறகு வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தார்கள். என் பெயருக்கு நேரே வரவில்லை என்று எழுதினார்கள்.

ஏப்ரல் முடிவில் அந்தப் பெயர்க்காரியின் வீட்டுக்குக் கடலூரிலிருந்து கடிதம் வந்தது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஒரு நாள் அவளே சிலேட்டைத் தூக்கிக்கொண்டு மில் களத்துக்கு வந்துவிட்டாள். ஒல்லியாக, என்னைவிட அரை அடி உயரமாக இருந்தாள். அவளுடைய வாத்தியார்தான் விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது. அங்க போனா கேப்பாங்களாம். நான்தான் சரகத்துலயே முதல்னு எழுதியிருக்குது" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு பயமா இருக்குது. சொல்லிக் குடேன்" என்றாள்.

அவளை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவளைப் பிடிக்காமல் போவது இன்னும் எரிச்சலாக இருந்தது. மே மாதம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன். மில் சுவரின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறதோ அவ்வளவு தூரம் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தோம். வாய்ப்பாடு, ஆறுகள், ஊரில் இல்லாத ரயில். நான் இன்ஸ்பெக்டர் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து கேள்வி கேட்பேன். அவள் தப்பாகச் சொன்னால் குட்டுவேன், தேவைக்கு மேலேயே குட்டினேன். அவள் அழுதுகொண்டே சரியாகச் சொல்லப் பழகினாள். நைனா நெல் கிளறிக்கொண்டே எங்களைக் கடந்து போகும்போது, "நல்லா சொல்லிக்குடு பாப்பா, நீதான் கடலூரு போயிடப்போறியே, அதுக்குள்ள சொல்லிக்குடு" என்பார். நான் அவருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மாத முடிவில் அவள் பத்துக்குப் பத்து சொன்னாள். அந்தச் சரகத்தில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து, ஒழுங்காகச் சோதித்து, ஒருத்தி தேறியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் மாதம் அவள் தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டியல் ஒட்டினார்கள். எழுதாதவள் என்பதால் எனக்கு ஐந்தாம் வகுப்பே மறுபடியும். நைனா கடிதத்துக்குக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டுத் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். களத்தின் ஓரத்தில் நான் அவருக்குச் சோறு கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சோற்றைத் தொடவில்லை.

"எல்லாத்துக்கும் நீதான் பதில் சொன்னியாமே?"

"ஆமா நைனா."

"ரெண்டு தடவயுமா?"

"ஆமா."

"பேரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"உம் பேர ஏன் சொல்லல?"

"நீதான் வாத்தியாரு சொன்னத தட்டாதன்னு சொன்ன" என்றேன்.

நைனா என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தார்கள்.

"இப்ப நான் கேக்கறேன்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "உம் பேரு இன்னா?"

சொன்னேன்.

"காதுல உழல. சத்தமா."

எழுந்து நின்று, ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை முழுதாக, சத்தமாகச் சொன்னேன். களத்தில் இருந்த பெண்கள் கால்களை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை என்றார் நைனா. நான் இன்னொரு தடவை சொன்னேன்.